போர்மட் அடிப்பதற்கு முன்

எஹலியகொட நகரில் கொழும்பு–இரத்தினபுரி வீதியோரமாக நடந்தால் கொமினிகேஷன் கடைகளுக்குக் குறைவில்லை. போட்டோகொப்பி, லெமினேட், ரீலோட், மூலையில் ஒரு மேசையில் கணினித் திருத்தம். இங்கு என்றில்லை, நாட்டில் எந்த ஊர்க் கடையிலும் நோயாளிக் கணினிக்குக் கிடைக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான்: "போர்மட் அடிக்கணும்." மெதுவாக ஓடுகிறதா, போர்மட். வைரஸா, போர்மட். நீலத் திரை வந்து நின்றுவிட்டதா, கேட்கவே வேண்டாம்.

போன மழைக்காலத்தில், பக்கத்து ரப்பர் தோட்டமொன்றிலிருந்து உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்தி தாயோடு என் வீட்டுக்கு வந்தாள். கையில் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றிய லெப்டொப். கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் பாவித்த பொருளாக வாங்கிக் கொடுத்ததாம். "மெஷின் செத்துப்போச்சுன்னு கடையில சொல்றாங்க சேர். போர்மட் பண்ணினா ஓடுமாம். ஆனா உள்ள இருக்கிறதெல்லாம் போயிருமாம்," என்றாள். தாய்க்குக் கவலை வேறு. "அவன் கல்யாண போட்டோ முழுக்க அதுக்குள்ளதான் இருக்குங்க."

ஆளியை அழுத்தினேன். விசிறி சுழன்றது. தயாரித்த கம்பனியின் சின்னம் திரையில் பளிச்சென்று வந்தது. அதன் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக ஓடின, ஓடின, பிறகு நீலத் திரை. தானாகவே அணைந்து மறுபடி சின்னம், புள்ளிகள், நீலம். செத்த மெஷின் இப்படிச் செய்யாது. சின்னம் வருகிறதென்றால் செயலி, நினைவகம், திரை எல்லாம் உயிரோடு இருக்கின்றன. புள்ளிகள் தொடங்கிய பிறகு விழுகிறதென்றால் வன்தட்டில் இருக்கும் விண்டோஸோ அந்த வன்தட்டோதான் பிழை.

சாவிக் கொத்தில் மாட்டியிருந்த பென் டிரைவைச் செருகி, மெஷினை அணைத்துப் போட்டு, சின்னம் தோன்றும் முன்பே எஃப் 12 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். சிறு பட்டியல் ஒன்று வந்தது. அதில் யூ.எஸ்.பி. என்ற வரியைத் தெரிந்து என்டர் அடித்தேன். இரண்டு நிமிடம் போயிருக்கும். திரையில் லினக்ஸ் மின்ட். சுட்டி அசைந்தது, பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கூடப் பட்டியலில் வந்தது. பிள்ளை என்னைப் பார்த்தாள். "இது வேற கம்பியூட்டரா சேர்?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

கணினி வேறு, அதில் ஓடும் முறைமை வேறு. இலங்கைப் பாடப்புத்தகம் அதைப் பணிசெயல் முறைமை என்கிறது, தமிழ்நாட்டார் இயங்குதளம் என்பார்கள். வாயில் லேசாக வருவதால் நான் இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸ் ஓர் இயங்குதளம், என் பென் டிரைவில் இருந்த லினக்ஸ் இன்னொன்று. கடையில் வாங்கும்போதே விண்டோஸ் உள்ளே இருப்பதால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு முறை ஆளியை அழுத்தும்போதும் கணினி எதுவும் தெரியாத பிள்ளையாகத்தான் எழும்புகிறது. தனக்கு விண்டோஸ் இருப்பதே அதற்குத் தெரியாது.

மின்சாரம் கிடைத்ததும் இன்டெல் வழிவந்த செயலி ஒரே ஒரு முகவரியைப் போய்ப் பார்க்கும். 4 ஜிகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கும் இடம் அது. 16 பைட்டில் என்ன எழுதிவிட முடியும்? "அங்கே போ" என்று ஒரு தாவல் கட்டளை மட்டும். அது கொண்டுபோய் விடும் இடம், தாய்ப்பலகையில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு சிப்பில் உள்ள நிரல். பழைய மெஷின்களில் அதன் பெயர் பயாஸ், இப்போது யூ.ஈ.எஃப்.ஐ. அந்த நேரத்தில் பிரதான நினைவகமான ரெம்கூட வேலைக்குத் தயாராக இருப்பதில்லை. செயலி தனக்குள்ளேயே வைத்திருக்கும் பதுக்கு நினைவகத்தைத் தற்காலிக ரெம்மாகப் பாவித்து, அதில் நின்றுகொண்டு உண்மையான ரெம்மை எழுப்புகிறது. நாம் சாதாரணமாகச் சொல்லும் பூட் என்ற சொல்லும் இப்படித்தான் வந்தது. தன் சப்பாத்து வாரைத் தானே பிடித்திழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு இருக்கிறது. அதிலிருந்து கிள்ளியெடுத்த சொல்.

எழும்பிய சிப்பு நிரல் அடுத்து, யாரிடம் பொறுப்பைக் கொடுப்பது என்று தேடும். அதற்கென ஒரு வரிசை எழுதி வைத்திருக்கிறார்கள்: முதலில் வன்தட்டு, பிறகு யூ.எஸ்.பி., பிறகு வலையமைப்பு. எஃப் 12 அடித்து நான் செய்தது அந்த வரிசையை ஒரேயொரு முறை மாற்றியதுதான். டெல், லெனோவோ மெஷின்களில் எஃப் 12, எச்.பி.யில் எஃப் 9. ஏசுஸ் லெப்டொப்பில் எஸ்கேப். சின்னம் போய்விட்டால் வாய்ப்பும் போய்விடும். அதனால்தான் அந்தத் தட்டித்தட்டிப் பார்க்கும் கூத்து.

பழைய முறையில் ஒரு தட்டு பூட் ஆகக்கூடியதா என்பதை அதன் முதல் 512 பைட்டை வாசித்தே தீர்மானித்தார்கள். அதில் 446 பைட் நிரலுக்கு, 64 பைட் தட்டின் பாகங்களைக் குறித்த அட்டவணைக்கு, மிச்சம் இரண்டு பைட் முத்திரை. முத்திரையின் மதிப்பு 85, 170. இரும எண்ணில் எழுதிப் பார்த்தால் 01010101 10101010. ஒன்றும் பூச்சியமும் மாறி மாறி. இந்த இரண்டு பைட் இல்லாவிட்டால் பயாஸ் திரும்பியும் பார்க்காது. 446 பைட் எவ்வளவு சிறிது என்று விளங்க ஒரு கணக்கு: யூனிகோட் தமிழை வழக்கமான முறையில் சேமித்தால் ஒரு குறிக்கு மூன்று பைட் போகும். ஆக 148 குறிகள். மெய்க்குப் புள்ளி, உயிர்மெய்க்குக் கொம்பு, சுழி எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் இரண்டு மூன்று வாக்கியத்தோடு முடிந்துவிடும். அவ்வளவு இடத்துக்குள் ஒரு முழு இயங்குதளத்தின் முதல் அடியை எழுதி வைத்திருந்தார்கள். யூ.ஈ.எஃப்.ஐ. வந்த பிறகு இந்த நெருக்கடி தீர்ந்தது. அது பென் டிரைவில் உள்ள கோப்புகளையே வாசிக்கும். குறித்த அடைவில் குறித்த பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதை எடுத்து ஓட்டும்.

அதன் பிறகு லினக்ஸின் கரு ரெம்முக்குள் ஏறும். இங்கே ஒரு கோழி–முட்டைச் சிக்கல். பென் டிரைவை வாசிக்கத் தேவையான சிறு நிரல்களும் அந்தப் பென் டிரைவுக்குள்தான் இருக்கின்றன. இதைத் தீர்க்க, கருவோடு சேர்த்து ஒரு கட்டுச்சாதப் பொட்டலத்தையும் ஏற்றிவிடுகிறார்கள். அவசியமான கருவிகள் மட்டும் உள்ள, ரெம்முக்குள்ளேயே விரியும் குட்டிக் கோப்புமுறை அது. கரு அதைப் பிரித்து, யூ.எஸ்.பி. பேசக் கற்று, செருகியிருக்கும் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தான் வந்த பென் டிரைவைக் கண்டுபிடிக்கிறது. திரையில் சின்னம் துடிக்கும் அந்த அரை நிமிடத்தில் நடப்பது இந்தத் தேடல்தான்.

பென் டிரைவில் கிடைப்பது ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற வகையில் அழுத்திக் கட்டிய ஒரே பெரிய கோப்பு. முழு இயங்குதளமும், எழுத்துச் செயலி, உலாவி எல்லாமும் அதற்குள். அது வாசிக்க மட்டும். ஒரு எழுத்துக்கூட மாற்ற முடியாது. ஆனால் ஓடும் இயங்குதளம் நொடிக்கு நொடி எதையாவது எழுதிக்கொண்டே இருக்குமே? வைஃபை கடவுச்சொல், உலாவி வரலாறு, நீங்கள் மேசைமீது உருவாக்கிய கோப்பு இதெல்லாம் எங்கே போகும்?

வகுப்பில் இதை விளக்க நான் இலங்கைப் படமும் ஒரு பொலித்தீன் தாளும் எடுத்துப் போவேன். படத்தின் மேல் தெளிந்த பொலித்தீனை விரித்து, அதில் பேனாவால் எஹலியகொடவுக்கு ஒரு வட்டம் போட்டால், மேலிருந்து பார்ப்பவருக்குப் படமும் வட்டமும் ஒன்றாகவே தெரியும். படத்திலுள்ள ஊரொன்றை மறைக்கவேண்டுமா, பொலித்தீனில் அந்த இடத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். பொலித்தீனை எடுத்துவிட்டால் படம் முந்தியபடியே இருக்கும். ஓவர்லேஎஃப்எஸ் செய்வது இதையேதான். கீழே மாறாத ஸ்குவாஷ் கோப்பு, மேலே ரெம்மில் ஒரு வெற்றுத் தாள். கோப்பைத் திருத்தினால் அதன் நகல் மேல் தாளுக்கு ஏறி அங்கே திருத்தப்படும். அழித்தால் கீழே ஒன்றும் அழியாது, மேலே ஒரு மறைப்புக் குறி விழும். மெஷினை அணைத்ததும் ரெம் காலி, தாளும் போயிற்று. ஓவர்லேஎஃப்எஸ் 2014 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.18இல்தான் கருவோடு சேர்ந்தது. அதற்கு முன் இதே வேலையைக் கருவுக்கு வெளியே இருந்த ஒட்டுப்போட்ட நிரல்கள் பார்த்தன.

வன்தட்டில் நிறுவாமல் வெளியிலிருந்தே இயங்குதளத்தை ஓட்டும் உத்திக்கு வயது அதிகம். 1992இலேயே இக்டிராசில் என்ற லினக்ஸ் சீடியிலிருந்து ஓடிக் காட்டியது. பரவலாக்கியவர் ஜெர்மனியின் கிளவுஸ் நொப்பர். அவர் 2000இல் வெளியிட்ட நொப்பிக்ஸ், சுமார் 2 ஜிகாபைட் சரக்கை அழுத்தி 700 மெகாபைட் சீடியில் அடக்கியது. எங்கள் தலைமுறைக்கு உபுண்டு. எழுதிக் கேட்டால் தபால் செலவுகூட வாங்காமல் உலகின் எந்த மூலைக்கும் சீடி அனுப்பினார்கள். 2011இல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். இலங்கையிலும் ஒன்று உருவானது. ஃபெடோராவை அடிப்படையாக வைத்து தனிஷ்க நவீன் முன்னின்று செய்த ஹந்தான லினக்ஸ், கண்டிப் பக்கத்து ஹந்தான மலையின் பெயரைத் தாங்கியது. இணையம் இல்லாத வீட்டிலும் உதவவேண்டும் என்று, தேவையான மென்பொருள்களை எல்லாம் முன்கூட்டியே அடைத்து, டீவீடியிலிருந்து நேரே ஓடும்படி கொடுத்தார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான யோசனையை நான் கண்டதில்லை. அது தொடர்ந்து நிலைக்காமல் போனது எனக்கு இன்றும் வருத்தம். தமிழ்நாட்டில் அரசாங்கமே கையில் எடுத்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனிலிருந்து ஆக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வந்தது, 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு கூட அதையும் போட்டுக் கொடுத்தார்கள்.

பிள்ளையின் லெப்டொப்புக்கு வருவோம். லினக்ஸ் மேசையில் கோப்பு அலுமாரியைத் திறந்தால், ஓரத்தில் அவளுடைய வன்தட்டு ஒரு சாதாரண தட்டாக நின்றது. விண்டோஸ் ஓடாததால் விண்டோஸின் பூட்டுகளும் ஓடவில்லை. பயனர் அடைவுக்குள் போனோம். கல்யாணப் போட்டோக்கள் நானூறுக்கு மேல், உயர்தரக் குறிப்புகள், கைபேசியில் இருந்து இறக்கிய வீடியோக்கள். இன்னொரு பென் டிரைவில் பிரதி எடுக்கத் தொடங்கினேன். சில கோப்புகளில் வந்து நின்று நின்று போனது. சந்தேகப்பட்டு, தட்டுகளைச் சோதிக்கும் கருவியைத் திறந்து வன்தட்டின் சுய அறிக்கையைப் பார்த்தேன். பழுதான துண்டங்கள் வரிசையாக. நோய் விண்டோஸில் இல்லை, தட்டில். போர்மட் அடித்திருந்தால் போட்டோவும் போய், அதே தட்டில் புது விண்டோஸும் சில வாரத்தில் படுத்திருக்கும்.

பென் டிரைவைப் பற்றியே ஒரு செய்தி. கொமினிகேஷன் கடைக்குப் போய்வந்த பென்னில் அடைவுகளெல்லாம் குறுக்குவழிகளாக மாறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வைரஸ் உங்கள் கோப்பை அழித்திருக்காது, மறைத்திருக்கும். விண்டோஸ் அந்த மறைப்புக் குறியை மதித்துக் காட்டாமல் விடும். லினக்ஸ் அதைக் கணக்கெடுப்பதில்லை. பென்னைச் செருகினால் எல்லாம் வெளிச்சத்தில் நிற்கும். வைரஸ் நிரலும் அங்கே ஓடாது, வெறும் பொருளற்ற கோப்பாகக் கிடக்கும்.

இத்தனை சொல்லிவிட்டு எச்சரிக்கை சொல்லாவிட்டால் பாவம். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் வன்தட்டு தொடப்படாது என்பது, நீங்கள் தொடாதவரை மட்டும். லினக்ஸ் மேசையில் நிறுவு என்றொரு சின்னம் இருக்கும். அதைத் திறந்து, வாசிக்காமல் அடுத்தது அடுத்தது என்று அழுத்திப் போனால் வன்தட்டு சுத்தமாகத் துடைக்கப்படும். விண்டோஸ் 8 தொட்டு வந்த வேகத் தொடக்க வசதியில், மெஷின் அணையும்போது விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்நிலையில் அதன் தட்டில் வெளியார் எழுதினால் கோப்புமுறை கெடும். ஷிஃப்ட் விசையை அமத்திக்கொண்டு அணைத்தால் முழுத் தூக்கம். புதிய லெப்டொப்பில் பிட்லொக்கர் போட்டிருந்தால் லினக்ஸிலிருந்து பார்க்கத் தட்டு வெறும் இரைச்சல். பூட் அமைப்புகளில் கைவைத்தால் விண்டோஸ் திரும்ப வரும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கவும் கூடும். அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

வேடிக்கையான தடயம் ஒன்றும் உண்டு. லினக்ஸில் இருந்து திரும்பிய பின் விண்டோஸின் மணிக்கூடு சில வேளை ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். தாய்ப்பலகையில் உள்ள கடிகாரம் காட்டுவது இலங்கை நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸோ அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவிட்டுப் போகும். வன்தட்டில் ஒரு கீறலும் விடாத விருந்தாளி சுவர் மணிக்கூட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போனது போல.

வேகத்தைப் பற்றி மிகையாக எதிர்பார்க்கவேண்டாம். யூ.எஸ்.பி. 2.0 துளையின் ஏட்டு வேகம் நொடிக்கு 480 மெகாபிட். கையில் கிடைப்பது நொடிக்கு 30 மெகாபைட் அளவு. உலாவி முதல் முறை திறக்க ஆமை வேகம், இரண்டாம் முறை ரெம்மில் இருந்து வருவதால் சட்டென்று வரும். இரத்தினபுரிப் பக்கம் இடிமழைக்குக் கரண்ட் போவது புதிதல்ல. 2022இன் மின்வெட்டுக் காலத்தைச் சொல்லவே தேவையில்லை. பென்னில் ஓடும் மேசைக் கணினி கரண்ட் போனால் பழுதாகாது, ஆனால் நீங்கள் எழுதியது பொலித்தீன் தாளோடு போய்விடும். பென்னிலேயே எழுதிச் சேமிக்கும் நிலைப்பகுதி ஒன்றை ஒதுக்கலாம். மலிவு பென் டிரைவுகள் ஓயாத எழுத்தைத் தாங்காது என்பதால் தினசரி வேலைக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

செய்முறை கடினமல்ல. 8 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்று. அதிலிருப்பது எல்லாம் அழியும் என்பதால் முதலில் காலி செய்யுங்கள். லினக்ஸ் மின்ட்டின் ஐ.எஸ்.ஓ. கோப்பு 3 ஜிகாபைட்டை நெருங்கும். நள்ளிரவு தாண்டிக் கிடைக்கும் இரவு டேட்டாவில் இறக்கினால் காசு மிச்சம். இறக்கிய கோப்பு வழியில் கெடவில்லை என்று நிச்சயிக்க, தளத்தில் தந்திருக்கும் 64 இலக்க முத்திரையோடு உங்கள் கோப்பின் முத்திரையை ஒப்பிடுங்கள். கோப்பில் ஒரு பிட் பிசகினாலும் முத்திரை முழுதும் வேறாகும். பிறகு ரூஃபஸ் என்ற சிறு நிரலால் பென்னில் எழுதவேண்டும். கோப்பை அப்படியே இழுத்துப் போட்டால் ஓடாது. பலர் தடுக்கி விழும் இடம் இது. சிப்பு தேடும் முதல் பைட்டுகளும் அடைவுகளும் அதனதன் இடத்தில் அமைய வேண்டும், ரூஃபஸ் அதைத்தான் செய்கிறது.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11, டீ.பீ.எம். 2.0 பாதுகாப்புச் சிப்பும் குறித்த தலைமுறைச் செயலியும் கேட்கிறது. டொலர் விலை ஏறிய பிறகு இந்தப் பக்கத்து வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அதற்கு முந்திய மெஷின்கள். அவற்றைத் தூக்கிப் போட எவரிடமும் பணமில்லை. ரப்பர் நாற்றுமேடையில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேர் நன்றாக இருந்தால் மேலே வேறு இன மொட்டை ஒட்டுகிறார்கள், மரம் பால் தருகிறது. ஒட்டுவதற்கு முன் பிடிக்குமா என்று பார்க்க மரத்தில் வழியில்லை, கணினியில் பென் டிரைவ் இருக்கிறது. வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, கடையின் பிரிண்டர் எடுக்கிறதா, தமிழ் தட்டச்சு முடிகிறதா என்று ஒரு மாலை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். விசைப்பலகைப் பட்டியலில் இலங்கைத் தமிழுக்குத் தனி வரி உண்டு. ரெங்கநாதன் விசையமைப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பிள்ளையின் அண்ணன் கொழும்பிலிருந்து சிறிய எஸ்.எஸ்.டி. தட்டு ஒன்று வாங்கி அனுப்பினார். பழைய தட்டைக் கழற்றி அதை மாட்டி, பிள்ளையையே லினக்ஸ் நிறுவச் சொன்னேன். பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்தாள். எம்.எஸ். வேர்ட் இல்லாதது அவளுக்கு இன்னும் குறைதான், லிப்ரே ஒபிஸில் அட்டவணை நகர்ந்துவிடுகிறது என்று முறைப்பாடு. நியாயமான முறைப்பாடு. கல்யாணப் போட்டோக்களில் ஏழு மீளவில்லை.

அடுத்த முறை உங்கள் கணினியைத் திருத்தக் கொடுக்கும்போது, போர்மட் அடிக்கணும் என்று சொன்னால், கோபிக்காமல் ஒன்று மட்டும் கேளுங்கள்: "அதுக்கு முதல் பென்ல போட்டுப் பாத்தீங்களா?"